லீட் முகாம்: இரண்டு பேர், ஒரு கவிதை

ஓபராவில் பாடுகிறவருக்கு உடை உண்டு, ஒப்பனை உண்டு, விளக்கு உண்டு. வரி மறந்துபோனால் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் உண்டு. கலைப்பாடல் கச்சேரியில் இதெல்லாம் கிடையாது. மேடையில் ஒரு பியானோ, அதன் வளைவில் நின்று பாட ஒருவர், வாசிக்க ஒருவர், நடுவில் ஒரு கவிதை. பெரும்பாலான பாடல்கள் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காகவா ஒரு மாதம் ஊர் விட்டு ஊர் போய்த் தங்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள்.

அப்போது எனக்குச் சொல்லத் தெரியாத பதிலை இப்போது சொல்கிறேன். வாரம் ஒரு மணி நேரம் வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போகிறவர் தன் குரலைக் கற்கிறார். பியானோ வகுப்புக்குப் போகிறவர் தன் விரலைக் கற்கிறார். லீட் என்கிற இந்தக் கலைப்பாடல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தைத் தனியாக அறையில் உட்கார்ந்து கற்க முடியாது. இன்னொருவர் வேண்டும், அவரோடு தினமும் சண்டை போட்டுச் சமாதானமாக நேரமும் வேண்டும். முகாம் தருவது அதைத்தான்.

சொல்லைப் பற்றி இரண்டு வரி. ஜெர்மனில் லீட் என்றால் பாட்டு, பன்மையில் லீடர். ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கவிதையை எடுத்து, ஒரு குரலுக்கும் பியானோவுக்குமாக இசையமைக்கும் வடிவத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. 1814 அக்டோபர் 19 அன்று, 17 வயது ஷூபர்ட், கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் ராட்டை முன் உட்கார்ந்து புலம்பும் கிரெட்ஷனுக்கு இசை எழுதினார். லீடின் பிறந்தநாளாக அந்தத் தேதியைச் சொல்கிறவர்கள் பலர். 31 வயதில் இறப்பதற்குள் 600 பாடல்களுக்கு மேல் எழுதிவிட்டார். பிறகு ஷூமன் 1840 என்ற ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேல். ஹூகோ வோல்ஃப் 1888இல் மோரிகெயின் கவிதைகளுக்கு மட்டும் 53. பிரெஞ்சுப் பக்கம் ஃபோரே, ட்யூபார்க், டெபுஸி. முகாமில் நீங்கள் புரளப் போவது பெரும்பாலும் இந்தக் குவியலில்தான்.

கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள் பியானோவைப் பக்கவாத்தியமாக நினைத்துக்கொண்டு போகக் கூடாது. நம் வயலின்காரர் பாடகரின் பிடியைக் கேட்டு அந்த நொடியில் தொடர்கிறார். லீடில் பியானோவின் ஒவ்வொரு சுரமும் இசையமைப்பாளர் எழுதி வைத்தது. பல பாடல்களில் பாத்திரத்துக்கே தெரியாத சங்கதி பியானோவுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கே போகலாம்

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் பாடன் என்ற ஊர். கந்தக வெந்நீர் ஊற்றுகளுக்காக அந்தக் காலத்திலிருந்தே ஆட்கள் வந்து தங்கிய இடம். பேத்தோவன் பல கோடைகளை இங்கே கழித்தார், ஒன்பதாம் சிம்ஃபொனியின் ஒரு பகுதியை இங்கே எழுதினார். வியன்னா ஓபரா எதிரிலிருந்து ட்ராம் மாதிரி ஒரு ரயில் ஊர் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடும். இங்கே 1978இல் டீன் லார்சன் தொடங்கியதுதான் ஃபிரான்ஸ் ஷூபர்ட் இன்ஸ்டிட்யூட். லார்சன் இலக்கியத்துறைக்காரர். அதனால் அந்தப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு கவிதை. பாடுவதற்கு முன் கவிதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பியானோ மாணவர்களும் சொல்ல வேண்டும். எல்லி அமெலிங் போன்ற பெரிய பாடகர்கள் அங்கே கற்பித்திருக்கிறார்கள். லீட் மட்டுமே போதும், ஓபரா வேண்டாம் என்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் கட்சி.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஆல்ட்பரோவுக்குப் பக்கத்து ஸ்நேப் கிராமத்தில், மால்ட் தயாரித்த பழைய கட்டடங்களை அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள். பெஞ்சமின் பிரிட்டன் பியானோவிலும் பீட்டர் பியர்ஸ் பாட்டிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து இயங்கிய ஜோடி. அவர்கள் 1972இல் தொடங்கிய பயிற்சி இன்று பிரிட்டன் பியர்ஸ் இளம் கலைஞர் திட்டமாக நடக்கிறது. அமெரிக்காவில் சிகாகோவுக்கு வடக்கே ரவீனியாவில் ஸ்டீன்ஸ் இன்ஸ்டிட்யூட், மாசசூசெட்ஸில் 1940இல் தொடங்கிய டாங்கிள்வுட். டாங்கிள்வுட்டில் ஃபெலோவாகத் தேர்வானால் பயிற்சிக் கட்டணம் கிடையாது, ஆனால் தேர்வாவது லேசில்லை. பாரிஸுக்கு வடக்கே ராயமோன் மடாலயத்தில் பாடகர், பியானோ கலைஞர் இருவரையும் ஜோடியாகவே எடுக்கிறார்கள்.

சேருமுன் கேளுங்கள்

விளம்பரத்தில் பெரிய பெயர்கள் இருக்கும். அதைக் கடந்து போய், கடிதம் எழுதி மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை பாடகர், எத்தனை பியானோ? ஒரு வாரத்தில் நான் எத்தனை முறை எழுந்து நிற்பேன், ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம்? பியானோவில் வருகிறவர் மாணவரா, ஊழியரா?

மூன்றாவது கேள்வியை நான் கேட்காமல் போய் அனுபவித்தேன். என் முதல் முகாமில் பாடகர்கள் 14 பேர், வாசிக்க நாங்கள் மூன்று பேர். முழுக் கட்டணம் கட்டியவன் நான். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை யாராவது ஒருவர் பாட்டின் இசைத்தாளான ஸ்கோரை நீட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம் எண்ணிப் பார்த்தேன், 60 பாடல் தாண்டியிருந்தது. ஒன்றைக்கூட நான் கற்றதாகச் சொல்ல முடியாது. கடந்து போனேன், அவ்வளவுதான். வகுப்பில் ஆசிரியர் பாடகரிடம் இருபது நிமிடம் பேசிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து “கொஞ்சம் மெதுவாக” என்பார். நல்ல முகாமில் ஒரு பியானோ மாணவருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பாடகர்தான் இருப்பார்கள். அதற்கு மேல் என்றால் உங்கள் பணத்தில் அவர்கள் வேலை வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

விண்ணப்பத்துக்கு வழக்கமாக வீடியோ கேட்பார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது வேண்டும். இரண்டு மொழி, இரண்டு மனநிலை தெரியும்படி பாடல்களைத் தேர்ந்தெடுங்கள். கஷ்டமான பாட்டை எடுத்துத் தடுமாறுவதைவிட, எளிதாகத் தெரியும் பாட்டை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் புரிந்து பாடுவது நல்லது. பியானோவும் கேமராவுக்குள் தெரியட்டும். பாடகரின் முகத்துக்கு மட்டும் கேமராவை வைத்து அனுப்பும் வீடியோவைப் பார்த்தாலே இவருக்கு இந்தக் கலை இன்னும் பிடிபடவில்லை என்று எனக்குத் தோன்றும்.

கவிதை வாயில் ஏற வேண்டும்

ஏற்பு மடல் வந்த மறுநாள் பியானோவை மூடிவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். ஒவ்வொரு பாடலின் கவிதையையும் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ்ச் சொல். அழகான மொழிபெயர்ப்பு வேண்டாம். எழுவாய் எது, வினை எது, எந்தச் சொல் எதைப் பிடித்துத் தொங்குகிறது என்பது தெரிந்தால் போதும். ஜெர்மனில் வினைச்சொல் பல வாக்கியங்களில் கடைசியில் வந்து உட்காரும். தமிழும் அப்படித்தான், அதனால் ஆங்கில மொழிபெயர்ப்பைவிட உங்கள் தமிழ் வரி மூலத்தோடு நெருக்கமாக ஓடும் இடங்கள் உண்டு. நான் இதைக் கண்டுபிடித்த அன்று ரொம்பச் சந்தோஷப்பட்டேன். மொழிபெயர்ப்புகளுக்கு லீடர்நெட் இணையக் களஞ்சியம் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் ஃபிரான்செஸும் இருக்கின்றன. ஆரம்ப நிலை முடித்துவிட்டுப் போனாலே பாதிப் பயம் போய்விடும்.

உச்சரிப்பில் தமிழ் நாக்குக்கு ஒரு லாபம் உண்டு. குறில் நெடில் நமக்குப் பால பாடம். ஜெர்மனிலும் உயிரின் அளவு மாறினால் சொல்லே மாறும். இதை இங்கிலாந்துக்காரர்களுக்குப் புரியவைக்க ஆசிரியர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

நஷ்டமும் உண்டு. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாகக் கனிந்துவிடும். குளிர்காலத்துக்கான ஜெர்மன் சொல்லை நாம் ‘விண்டர்’ என்று படித்தால் ‘வண்டி’யில் வரும் டகரம் விழும். அவர்களுக்கு அங்கே ‘டீ’யில் வரும் டகரம் வேண்டும், அதுவும் நாக்கை மடக்காமல், மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தட்டி. சொல்லின் கடைசியில் இது இன்னும் தலைகீழ். லீட் என்ற சொல்லையே ‘டாடி’யின் டகரத்தில் எழுதிவிட்டு ‘டீ’யின் டகரத்தில் முடிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு உகரமும் ஒட்டக் கூடாது. பஸ்ஸு, காரு என்று பழகிய வாய்க்கு இது சோதனை.

நம்மிடம் இல்லாத ஒலிகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி இது. ‘ஈ’ என்று சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். வருகிற ஒலிதான் தலையில் இரண்டு புள்ளி வைத்த யூ, அதாவது யூ-உம்லவுட். ‘ஏ’யில் நாக்கை வைத்து ‘ஓ’வுக்கு உதட்டைக் குவித்தால் ஓ-உம்லவுட். சி-எச் என்று எழுதி, ‘இஷ்’ஷா ‘இக்’கா என்று எல்லோரும் குழம்பும் அந்த மெல்லிய ஒலிக்கு, ‘ய’ சொல்ல நாக்கைத் தூக்கி, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊதுங்கள். பூனை சீறுகிற மாதிரி வரும், பயப்பட வேண்டாம்.

இது பாடகருக்கு மட்டுமான பாடம் என்று பியானோக்காரர் எழுந்து போய்விடக் கூடாது. பாடும்போது மெய்யெழுத்து தாளத்துக்கு முன்னால் விழும், உயிரெழுத்துதான் தாளத்தின் மேல் உட்காரும். மூன்று மெய்கள் நெருக்கியடித்து வரும் சொல் என்றால் பாடகர் முன்னதாகவே தொடங்கியாக வேண்டும். பியானோவின் சுரம் அந்த உயிரோடு விழ வேண்டும், மெய்யோடு விழுந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போவதாகக் கேட்கும். எந்தச் சொல்லில் எத்தனை மெய் என்று தெரியாத விரல் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் பாடன் மாதிரி இடங்களில் பியானோ மாணவரையும் எழுப்பிக் கவிதை சொல்லச் சொல்கிறார்கள்.

ஒரு வகுப்பு

நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்த ஒரு மாஸ்டர் கிளாஸைச் சொல்கிறேன். பாடல் அந்த கிரெட்ஷன்தான். பியானோவின் வலது கை ராட்டைச் சக்கரம், நிற்காமல் சுழலும். இடது கையில் தட்டித் தட்டி வருவது காலால் மிதிக்கும் மிதி. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் செய்தி, வந்திருந்த இரண்டு பெண்களுக்கும் நன்றாகவே தெரியும். சுத்தமாகப் பாடினார்கள், சுத்தமாக வாசித்தார்கள். கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

ஆசிரியர் பாடகியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். பாட வேண்டாம், வலது காலால் மிதித்துக்கொண்டே இரு என்றார். பியானோக்காரியைப் பாட்டில்லாமல் கவிதையைச் சொல்லிக்கொண்டே வாசிக்கச் சொன்னார். அவளுக்குக் கவிதை பாதிதான் மனப்பாடம். தடுமாறினாள், ராட்டையும் தடுமாறியது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. காதலனின் நடை, புன்னகை, கை என்று ஒவ்வொன்றாக நினைத்து, கடைசியில் அவன் முத்தத்தை நினைக்கும் இடத்தில் பியானோ அப்படியே நிற்கும் என்று ஷூபர்ட் எழுதியிருக்கிறார். அங்கே வந்தபோது நாற்காலியில் இருந்தவளின் கால் தானாக நின்றுவிட்டது. யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வருவதில்தான் ஆசிரியர் மீதி நேரம் முழுவதையும் செலவழித்தார். பியானோ தனியாக மறுபடி சுற்றப் பார்க்கிறது. ஒரு துணுக்கு, நிற்கிறது. இன்னொரு துணுக்கு, நிற்கிறது. அதற்குப் பிறகுதான் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. இதை அந்தப் பெண் ஸ்கோரில் இருந்தபடி சரியாக எண்ணித்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். “எண்ணாதே, அவள் காலைப் பார்” என்றார் ஆசிரியர். நாற்காலியில் இருந்தவள் தயங்கி ஒரு மிதி மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள். பியானோ அதோடு போனது. பிறகு பாடகி எழுந்து நின்று பாடினாள், கால் அசையவில்லை, ஆனால் மிதி எங்கேயோ உடம்பில் இருந்தது. முதலில் வாசித்ததைவிட வேகம் குறைந்திருந்தது. ஷூபர்ட் பாடலின் தலையில் ‘ரொம்ப வேகம் வேண்டாம்’ என்று எழுதியிருப்பதை அப்போதுதான் அந்தப் பெண் ஸ்கோரில் வட்டம் போட்டாள்.

இப்படியொரு வகுப்பில் எழுந்து நிற்கும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். ஆசிரியர் சொன்னதை உடனே செய்து பாருங்கள், விளக்கம் கேட்பதை ரிகர்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆசிரியர் நேற்றைய ஆசிரியருக்கு நேர் எதிராகச் சொன்னால் “அவர் இப்படிச் சொன்னாரே” என்று வாய் திறக்காதீர்கள். ஒரு வாரம் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, எது தங்குகிறது என்று பாருங்கள்.

பியானோக்காரருக்குத் தனியாக

சுருதியை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். பீட்டர்ஸ் பதிப்பில் ஒரே பாடல் உயர், மத்திய, தாழ் குரல்களுக்கெனத் தனித்தனிப் புத்தகங்களில் இருக்கும். பாடகர் ஒரு புத்தகத்தோடும் நீங்கள் வேறொன்றோடும் வந்து உட்கார்ந்தால் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் போச்சு. சுருதி மாறினால் கைக்கும் எல்லாம் மாறும், கறுப்புக் கட்டைகள் இருந்த இடத்தில் வெள்ளை வரும், விரலமைப்பை முதலிலிருந்து போட வேண்டும்.

ஷூபர்ட்டின் ‘எர்ல்கோனிக்’ பாடலை யாராவது ஒருவர் கட்டாயம் கொண்டுவருவார். பாடகருக்கு அது கொண்டாட்டம்: கதை சொல்பவர், அப்பா, பிள்ளை, பேயரசன் என்று நாலு வேடம். உங்களுக்கு வலது கையில் ஏறக்குறைய பாட்டு முழுக்க மும்மூன்றாக விழும் அடி. முன்கையை இறுக்கினால் இரண்டாம் பக்கத்திலேயே எரியும். மணிக்கட்டைத் தளர்த்திச் சின்ன அசைவில் வாசிக்கப் பழகுங்கள், ரிகர்சலில் பாதி வேகம் போதும், ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் முழுதாக வாசிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷூபர்ட்டே அந்த மும்மையை இரட்டையாக்கி எளிதாக ஒரு வடிவம் எழுதினார் என்பதை வலி வந்த அன்று நினைத்துக்கொள்ளலாம்.

பியானோவின் மூடியை எவ்வளவு திறப்பது என்ற வழக்கு ஒவ்வொரு முகாமிலும் வரும். பாடகர்களுக்குப் பியானோ வாசித்த ஜெரால்ட் மூர் தன் வாழ்க்கைக் கதைக்கு வைத்த தலைப்பே ‘நான் ரொம்பச் சத்தமா வாசிக்கிறேனா?’ என்பதுதான். மூடியைச் சாத்தினால் சத்தத்தோடு நிறமும் போய்விடும். திறந்து வைத்து, இடது கையைக் குறைத்து, பெடலை அடிக்கடி மாற்றிப் பாருங்கள். பாடகர் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி பெடல்தான்.

உடம்பு, சாப்பாடு, காகிதம்

பாடகர்கள் ரிகர்சலில் முழுக் குரல் கொடுக்காமல், மேல் சுரங்களைக் கீழ் ஸ்தாயியில் தொட்டுவிட்டுப் போகப் பழக வேண்டும். மூன்றாம் வாரத்தில் தொண்டை கட்டுகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் எல்லா வகுப்பிலும் முழுசாகப் பாடியவர்கள். ஐரோப்பியக் கோடையில் மகரந்தம் சிலருக்கு மூக்கை அடைக்கும், ஒவ்வாமை இருந்தால் மருந்தை இங்கிருந்தே டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சைவம் என்றால் சமையலறை உள்ள தங்குமிடம் கேளுங்கள். ஒரு சின்ன ரைஸ் குக்கர் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த நண்பர்கள் அதிகம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் ஷெங்கன் விசாவில் அடங்கும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன்பு வரை ஏற்பார்கள் என்று சட்டம் சொன்னாலும் கோடையில் நேரம் கிடைக்காது, மார்ச்சிலேயே பதியுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, முகாமின் ஏற்பு மடல், தங்குமிடச் சான்று வேண்டும். இங்கிலாந்துக்கு விசா தனி.

கடைசி வாரம்

முடிவில் பொதுமக்களுக்கு ஒரு கச்சேரி இருக்கும். அதற்கு ஷூமனின் ‘டிஷ்டர்லீப’ உங்களுக்கு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 16 பாடல்களின் வரிசை. அதில் முதல் பாட்டு, முடிந்தும் முடியாமல் தொங்கும் ஒரு சுரக்கூட்டில் நிற்கிறது. கடைசிப் பாட்டில் பாடகர் வாயை மூடியபிறகும் பியானோ வெகுநேரம் தனியே போகிறது. அந்த நேரத்தில் பாடகர் என்ன செய்வது? தண்ணீர் பாட்டிலைப் பார்க்கக் கூடாது, தோளைத் தளர்த்திக்கொள்ளக் கூடாது, கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பியானோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பியானோக்காரர் பெடலிலிருந்து காலை எடுக்கும்வரை பாட்டு முடியவில்லை. இதை ஜோடியாக ஒத்திகை பாருங்கள், கடைசி வணக்கத்தையும் சேர்த்து. யார் முதலில் குனிவது என்று மேடையில் முழிக்கும் ஜோடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கச்சேரி முடிந்த இரவு எல்லோரும் வெளியே போவார்கள், நீங்களும் போங்கள். ஆனால் பெட்டி கட்டுமுன் உங்கள் ஜோடியின் ஸ்கோரைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொன்னதில் பாதி, அவர்கள் பென்சிலில்தான் இருக்கும்.